மணலூர்பேட்டை வெயிலில் கேரட் விளையுமா? எப்போது விதைப்பது, எங்கே சறுக்கும்? முழு விவரம்

கேரட் என்றாலே ஊட்டிதான் நினைவுக்கு வரும். நீலகிரியில் விளைந்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து, அங்கிருந்து லாரி ஏறி ஊர் ஊராகப் போகும் காய் அது. கள்ளக்குறிச்சி மாவட்டம் மணலூர்பேட்டை மாதிரி சமவெளி ஊர்களில் கரும்பு, நெல், மணிலா, மரவள்ளி பார்க்கலாம். கேரட்டைக் கடையில்தான் பார்க்க முடியும்.

அப்போ, இந்த வெயிலில் கேரட் விளையவே விளையாதா? விளையும். ஆனால் வருடத்தில் சுமார் மூன்று மாதம்தான் அதற்கு இடம் கொடுக்கும். அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டால் விதைக்காசும் கூலியும் மண்ணோடு போய்விடும்.

வெயிலுக்கும் கேரட்டுக்கும் என்ன பகை?

கேரட் குளிர்காலப் பயிர். வெயில் அதை இரண்டு கட்டங்களில் தாக்குகிறது.

முதலாவது, முளைக்கும்போது. மண்ணின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். 35 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு சட்டென்று விழும். கோடையில் வெறும் மணல் நிலத்தின் மேல்பகுதி மதிய வெயிலில் இதைவிட அதிகமாகவே சுடும்.

இரண்டாவது, கிழங்கு பருக்கும்போது. நாம் சாப்பிடுவது அதன் வேரைத்தான். அந்த வேர் நல்ல நிறமும் வடிவமும் பெற 15 முதல் 21 டிகிரி வரையிலான வெப்பநிலை ஏற்றது. வெப்பம் கூடக்கூட வேர் கட்டையாக, குட்டையாகிவிடும். ஆரஞ்சு நிறம் வெளுக்கும். டெர்பீன் எனப்படும் வாசனைப் பொருட்களின் நெடி மேலோங்கி, இனிப்பு அடிபட்டுப்போகும். கோடையில் விளைந்த கேரட் சில நேரம் கசப்பது இதனால்தான்.

பாலைவனத்தில் எப்படி விளைகிறது?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இம்பீரியல் பள்ளத்தாக்கு என்றொரு பகுதி. கோடையில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் பாலை நிலம். அங்குள்ள ஹோல்ட்வில் என்ற சிறு நகரம் தன்னை 'உலகின் கேரட் தலைநகரம்' என்று அழைத்துக்கொள்கிறது.

ரகசியம் ஒன்றும் பெரிதில்லை. கோடை தணிந்த பிறகு விதைத்து, குளிர்காலத்தில் வளர்க்கிறார்கள். தண்ணீர் கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வழியே வருகிறது. இலங்கையிலும் நுவரெலியா மலையில் மட்டுமல்லாமல் யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற சமவெளிப் பகுதிகளிலும் கேரட் பயிராகிறது.

நம்ம பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. மணலூர்பேட்டை வழியாக ஓடும் அதே தென்பெண்ணை ஆற்றின் மேல்பகுதியில் இருக்கிறது ஓசூர். சுமார் 900 மீட்டர் உயரம் என்பதால் அங்கு கேரட்டுக்கு ஏற்ற குளுமை உண்டு. அந்த உயரம் மணலூர்பேட்டைக்கு இல்லை. அதனால் இங்கே காலத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

எப்போது விதைக்க வேண்டும்?

இந்தப் பகுதியில் வெயில் ஓரளவு அடங்குவது டிசம்பர், ஜனவரியில்தான். அப்போதும் பகலில் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இரவில் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். கேரட் பருக்கும் காலம் இந்த நாட்களிலும் பிப்ரவரி முதல் பாதியிலும் அமைய வேண்டும்.

80 முதல் 100 நாள் பயிர் என்று வைத்துக்கொண்டால், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரத்துக்குள் விதைப்பது நல்லது. அதாவது கார்த்திகை மாதம். தை 5-ம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா நடக்கும்போது செடி நன்றாகத் தழைத்து, வேர் பருக்கத் தொடங்கியிருக்க வேண்டும். மாசியில் அறுவடை. பங்குனி வெயில் வரை நிலத்தில் விட்டால் தரம் போய்விடும்.

இங்கேதான் சிக்கல். கார்த்திகை என்பது வடகிழக்குப் பருவமழையின் உச்சம். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணைக் கரையோரப் பகுதிகள் வெள்ளத்தில் தத்தளித்தன. அந்த வாரத்தில் ஆற்றோரம் விதைத்திருந்தால் ஒரு விதைகூட மிஞ்சியிருக்காது.

சீக்கிரம் விதைத்தால் மழை அடித்துப் போகும். தள்ளிப்போட்டால் வெயில் பிடித்துக்கொள்ளும். இதற்கு நடைமுறை வழி, மொத்த நிலத்தையும் ஒரே நாளில் விதைக்காமல், 10 முதல் 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக விதைப்பது. ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

மணல் மண் நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். கேரட் நேராக இறங்க இளகிய மண் தேவை. களிமண்ணிலும் கல் நிலத்திலும் வேர் முட்டி, இரண்டாகக் கிளைத்துவிடும். அந்த வகையில் ஆற்றோர மணற்பாங்கான நிலம் கேரட்டுக்கு வாய்ப்பான மண். ஆனால் மணல் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் காயும், சத்தையும் தங்கவிடாது.

இதைச் சரிக்கட்ட நன்கு மக்கிய தொழு உரம் போட வேண்டும். 'மக்கிய' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். பச்சைச் சாணம் போட்டால் வேர் பிளவுபடும். தழைச்சத்து உரம் அதிகமானால் இலை மட்டும் ஜோராக வளரும், கீழே ஒன்றும் இருக்காது.

நிலத்தை ஓர் அடி ஆழத்துக்காவது புழுதியாக்கி, மேட்டுப்பாத்தி அமைப்பது அவசியம். மழைநீர் வடியவும் வேர் இறங்கவும் அதுதான் வசதி.

எந்த ரகம்?

ஊட்டி கேரட் பார்த்து ஆசைப்பட்டு, குளிர் தேவைப்படும் ஐரோப்பிய ரகத்தை வாங்கினால் ஏமாற்றம்தான். வெப்பத்தை ஓரளவு தாங்கும் ரகங்களைத் தேட வேண்டும்.

குரோடா: ஜப்பானிலிருந்து வந்த வகை. வெப்பமான நாடுகளில் பரவலாகப் பயிராகிறது.

பூசா கேசர், பூசா விருஷ்டி: டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகங்கள். பூசா விருஷ்டி வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டது.

அர்கா சூரஜ்: பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகம். வெப்பமண்டலத்திலேயே பூத்து விதை கட்டக்கூடியது. ஐரோப்பிய ரகங்கள் நல்ல குளிர் பட்டால்தான் பூக்கும். அதனால் சமவெளியில் அவற்றிலிருந்து விதை எடுக்க முடியாது.

முதல் 10 நாள்தான் முக்கியம்

கேரட் விதை ரொம்பச் சின்னது. ஒரு கிராமில் பல நூறு விதைகள் இருக்கும். ஏக்கருக்கு ஒன்றரை முதல் 2 கிலோ வரை தேவைப்படும். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் வேர் கோணிவிடும் என்பதால் நேரடி விதைப்புதான்.

உலர்ந்த மணலுடன் விதையைக் கலந்து, ஓர் அடி இடைவெளி வரிசைகளில் சீராகத் தூவ வேண்டும். ஆழம் 1 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இவ்வளவு மேலாக இருப்பதால் ஒரு மதியம் காய்ந்தாலே முளை கருகிவிடும்.

இதற்கு எளிய வழி, ஈரமான சணல் சாக்கு அல்லது வைக்கோலால் பாத்தியை மூடி வைப்பது. தினமும் திறந்து பார்க்க வேண்டும். நான்கைந்து முளை கண்ணில் பட்டதுமே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளை வெளிறி நீண்டுவிடும். வசதி இருப்பவர்கள் முதல் மூன்று வாரத்துக்கு நிழல்வலை கட்டலாம். பிறகு அதை எடுத்துவிடலாம்.

பூவாளித் தண்ணீர் போல மென்மையாக, காலை மாலை இருவேளையும் பாய்ச்சுவது நல்லது. வாய்க்காலில் திறந்துவிட்டால் விதை ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும்.

தண்ணீரில் இருக்கும் ஆபத்து

காய்கறிகளிலேயே உப்பை மிகக் குறைவாகத் தாங்கும் பயிர்களில் கேரட் ஒன்று. மண்ணின் உப்புநிலை மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்கும். போர் தண்ணீரை நம்பி இறங்குபவர்கள், விதை வாங்குவதற்கு முன்பே மண்ணையும் தண்ணீரையும் பரிசோதித்துவிடுவது புத்திசாலித்தனம்.

அடுத்தது, தண்ணீரைச் சீராகக் கொடுப்பது. நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் தேக்கினால் கேரட் வெடிக்கும். மணல் நிலத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி என்பதுதான் கணக்கு. அதற்குச் சொட்டுநீர் பொருத்தம். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் நுண்ணீர்ப் பாசன மானியம் உண்டு.

கவனிக்க வேண்டிய மற்ற வேலைகள்

செடி மூன்று நான்கு இலை விட்டதும், 5 முதல் 7 சென்டிமீட்டருக்கு ஒன்று இருக்குமாறு கலைத்துவிட வேண்டும். பாவம் பார்த்து விட்டுவைத்தால் எல்லாமே விரல் தடிமனில் நின்றுபோகும்.

வேரின் தலை மண்ணுக்கு வெளியே தெரிந்தால் வெயில் பட்டுப் பச்சையாகிவிடும். அதனால் மண் அணைப்பது கட்டாயம். வரிசைகளுக்கு நடுவே வைக்கோல் பரப்பினால் சூடும் குறையும், களையும் குறையும்.

மணல் நிலத்தின் பெரிய எதிரி வேர்முடிச்சு நூற்புழு. வேரில் முடிச்சு விழுந்து, கிளைத்து, விற்கவே முடியாமல் போகும். கத்தரி, தக்காளி, வெண்டை போட்ட நிலத்தில் உடனே கேரட் வேண்டாம். தண்ணீர் நின்ற நெல் வயலில் நூற்புழு குறையும். வேப்பம் பிண்ணாக்கு இடுவதும், முந்தைய பட்டத்தில் செண்டுமல்லி போடுவதும் உதவும்.

அறுவடையை விடிகாலையில் முடித்து, உடனே இலையை வெட்டிவிட வேண்டும். இலையோடு வைத்தால் காயின் ஈரத்தை அது உறிஞ்சி, கேரட் வதங்கிவிடும்.

கல்வராயன் மலையில் முடியுமா?

அதே மாவட்டத்தில் உள்ள கல்வராயன் மலை சுமார் 2,000 முதல் 3,000 அடி உயரம். பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி வெப்பம் குறையும். அந்தக் கணக்கில் அங்கு சமவெளியைவிட 4 முதல் 6 டிகிரி குளுமை கிடைக்கும். நிச்சயமான தண்ணீர் வசதி இருந்தால், கேரட்டுக்கு அங்கே காலம் கொஞ்சம் நீளும்.

அப்போ இறங்கலாமா?

முதல் வருடமே ஏக்கர் கணக்கில் இறங்குவது ரிஸ்க். இரண்டு மூன்று பாத்தியில், இரண்டு ரகத்தை, இரண்டு தவணையாக விதைத்துப் பார்த்தால் அந்த நிலத்துக்கு எது சரிவரும் என்று மாசியில் தெரிந்துவிடும். வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் ரகம், மானியம் இரண்டையும் விசாரித்துவிட்டுத் தொடங்கலாம்.

எவ்வளவு கவனமாக வளர்த்தாலும் ஊட்டி கேரட்டின் நிறமும் நீளமும் இங்கே அப்படியே வந்துவிடாது. ஆனால் காலையில் பிடுங்கிய கேரட் மதியமே பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய்விடும். பல மணி நேரம் லாரியில் வரும் மலைக் கேரட்டுக்கு அந்த வசதி கிடையாது.