லிட்டில் கண்ட விறைப்பு

இலண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் இளம்பிள்ளை வாதத்தால் கால் வளைந்தவர். 1836-இல் ஹனோவர் நகரில் ஸ்ட்ரோமையர் என்பாரிடம் குதிகால் தசைநாணை அறுத்துச் சீர்செய்துகொண்டார். அறுவையில் ஈதர் மயக்கம் புகழ்பெறப் பத்தாண்டு இருந்த காலம்! வலி இன்னதென்று அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பிறக்கையில் மூச்சுத்திணறியும் குறைமாதத்தில் பிறந்தும் பிழைத்த குழந்தைகள் சிலருக்குக் கைகால் விறைத்துப்போவதை, 1861-இல் அவர் இலண்டன் மகப்பேற்று மருத்துவச் சங்கத்தில் எடுத்துரைத்தார். பழுது காலில் அன்று, மூளையில். தசையைத் தளர்த்தும் ஆணை சரிவர எட்டுவதில்லை. லிட்டில் நோய் என வழங்கிய இது இன்று பெருமூளை வாதம் எனப்படுகிறது. கடினமான பிறப்பே காரணமா என்று 1897-இல் ஐயுற்றவர் சிக்மண்ட் பிராய்டு. ஆம், கனவுகளை ஆராய்ந்த அதே பிராய்டுதான்.

ஆயினும் மருத்துவரின் பார்வை நெடுங்காலம் நடையிலேயே நின்றது. இறுகிய தசை இரவில் சுண்டியிழுக்கும். இடுப்பு மூட்டு சிறுகச் சிறுக நழுவும். பேச்சு வராத குழந்தை அழாமல் வேறெவ்வாறு உரைக்கும்? அதனைப் பிடிவாதம் என்று கொள்வாரும் உண்டு. முகச்சுளிப்பு, முனகல், உறக்கக்கேடு இவற்றைக்கொண்டு இத்தகைய குழந்தைகளின் வலியை அளக்கும் பட்டியல்கள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் உருவாயின. அக்குறிகளை மருத்துவர்கள் தொகுத்தது, பெற்றோரையும் பேணுவோரையும் அருகமர்த்திக் கேட்டுத்தான்.