பொதுநலமும் தொழிலாளர் நலமும்: இங்கிலாந்தில் உள்ளாட்சிச் சுகாதார ஆய்வாளரின் பணியிட அதிகாரம் (1847–1974)

முன்னுரை

இங்கிலாந்தில் இன்று ஓர் உணவகச் சமையலறையில் பணியாளர் வழுக்கி விழுந்து கடுங்காயமுற்றால், அதனை விசாரிக்கும் பொறுப்பு உள்ளாட்சி மன்றத்தின் சுற்றுச்சூழல் நலவாழ்வு அலுவலருக்கு உரியது. அதே விபத்து ஓர் உருக்காலையில் நேர்ந்தால் நடுவண் அரசின் தொழிற்பாதுகாப்பு அமைப்பு விசாரிக்கும். கடை, அலுவலகம், கிடங்கு, விடுதி ஆகியவை ஒருபக்கம். ஆலை, கட்டுமானம், சுரங்கம் ஆகியவை மறுபக்கம். இப்பிரிவினையை நிர்வாக வசதிக்காக ஏற்பட்டது என்று கொள்வது எளிது. ஆனால் சட்டங்களைக் கால வரிசையில் வைத்துப் பார்க்கும்போது வேறொன்று புலப்படுகிறது. உள்ளாட்சி ஆய்வாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணியிடத்தினுள் நுழைந்த வழிகளைத் திறந்ததில் தொழிலாளியின் துன்பத்தைவிட, அவர் செய்த பொருளை வாங்குவோரின் அச்சமே பெரும்பங்கு வகித்தது. அவ்வச்சம் இருந்த இடத்தில் தொழிலாளி ஓரளவு பயன் பெற்றார்; இல்லாத இடத்தில் நெடுங்காலம் காத்திருந்தார். இக்கருத்தை அடுமனை, தையற்பட்டறை, கல்நார் ஆலை ஆகிய மூன்றையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

‘தொல்லை’ என்னும் சட்டச்சொல்

1846ஆம் ஆண்டின் லிவர்பூல் சுகாதாரச் சட்டம் 1847 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் மூவர் இணைந்து பணியாற்றினர்: மருத்துவ அலுவலர் வில்லியம் ஹென்றி டங்கன், பொறியாளர் ஜேம்ஸ் நியூலண்ட்ஸ், ‘தொல்லை ஆய்வாளர்’ தாமஸ் ஃப்ரெஷ். இன்றைய அலுவலரின் முன்னோடி இம்மூன்றாமவரே. இப்பதவி நாடெங்கும் கட்டாயமானது 1872ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

பதவியின் பெயர் அதன் எல்லையையும் காட்டுகிறது. ஆங்கிலச் சட்ட மரபில் தொல்லை என்பது அண்டை வீட்டார்க்கோ பொதுமக்களுக்கோ இழைக்கப்படும் இடையூறு. குப்பைமேடு, அடைபட்ட சாக்கடை, பன்றிக்கொட்டில், புகை ஆகியன அதில் அடங்கும். 1866ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் இப்பட்டியலில் பணியிடத்தையும் சேர்த்தது. தூய்மையற்ற, காற்றோட்டமில்லாத, வேலை செய்வோரின் உடல்நலத்துக்குக் கேடாகும் அளவுக்கு நெரிசல் மிகுந்த பட்டறையும் ஒரு தொல்லையே என்றது. ஆனால் ஆலைச் சட்டங்களுக்கு உட்பட்ட இடங்களை அது விலக்கியது. 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 91ஆம் பிரிவு இதனை ஏறத்தாழ அப்படியே ஏற்றுக்கொண்டது. (1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தைப் பயின்றோர்க்கு இச்சொற்கள் புதியன அல்ல. அங்கும் நெரிசல் மிகுந்த பட்டறை தொல்லைகளின் பட்டியலிலேயே இடம்பெறுகிறது.) ஆக, தொழிலாளியின் மூச்சுத்திணறல் சாக்கடை நாற்றத்தோடு ஒரே பிரிவின்கீழ் சட்டத்தில் பதிவாயிற்று.

அடுமனை

இவ்வரலாற்றின் மிகத் தெளிவான சான்று ரொட்டி சுடும் அடுமனை. இலண்டன் அடுமனைகள் பலவும் நிலவறைகளில் இயங்கின. கூலி அடுநர்கள் நள்ளிரவுக்கு முன்பே மாவு பிசையத் தொடங்கி மறுநாள் பகலிலும் வேலை செய்தனர். மாவு பிசையும் பலகையே பலருக்குப் படுக்கையாகவும் இருந்தது. அவர்தம் முறையீடுகளை விசாரித்த ஹியூ சீமோர் ட்ரெமன்ஹீர் 1862இல் அறிக்கை அளித்தார். அந்த அறிக்கை நீண்ட வேலைநேரத்தையும் வெப்பத்தையும் மட்டுமன்றி மாவில் கலந்த வியர்வையையும் பூச்சிகளையும் பற்றிப் பேசியது. கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய இயலில் இதனை விரிவாகப் பயன்படுத்தினார். மக்களை அசைத்தது தொழிலாளர்மீதான இரக்கமா, தம் உணவு பற்றிய அருவருப்பா என்பதை அவரும் கவனிக்கத் தவறவில்லை.

1863ஆம் ஆண்டின் அடுமனை ஒழுங்குமுறைச் சட்டம் அவ்வினாவுக்கு விடை தருகிறது. அடுமனைச் சுவர்களுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும் அல்லது எண்ணெய்ச்சாயம் பூசப்பட்ட சுவர்களைக் கழுவ வேண்டும். அடுமனையோடு ஒட்டிய அறையை முறையான தடுப்பும் சாளரமும் இன்றி உறங்குமிடமாக்கக் கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டோரை இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரை வேலைக்கு வைக்கக் கூடாது. இவற்றைச் செயற்படுத்தும் பொறுப்பு உள்ளாட்சியிடம் அளிக்கப்பட்டது. வயதுவந்த அடுநரின் இரவுவேலை பற்றி, அதாவது அவர்களின் முதன்மையான முறையீடு பற்றி, சட்டம் எதுவும் சொல்லவில்லை. சுவரின் தூய்மை ரொட்டி உண்பவரைத் தொடுகிறது. அடுநரின் உறக்கம் தொடவில்லை.

1883இல் சில்லறை அடுமனைகள் மீண்டும் உள்ளாட்சியின் பொறுப்பில் வந்தன. 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1904 தொடக்கத்திலிருந்து நிலவறை அடுமனைகள் தகுதிச் சான்று பெற்றாலன்றி இயங்க இயலாது. ஆய்வாளர் கையில் இருந்த உண்மையான கருவி இதுதான். காற்றும் ஒளியும் இல்லாத நிலவறையை மூட முடிந்ததால் அங்கு உழைத்தவரும் பயன் பெற்றார். இரவுவேலையோ 1954ஆம் ஆண்டின் அடுமனைத் தொழில் (வேலைநேரம்) சட்டம் வரும்வரை காத்திருந்தது. முதற்சட்டத்திற்கும் இதற்கும் இடைவெளி 91 ஆண்டுகள்.

பட்டறையும் நோயச்சமும்

1867ஆம் ஆண்டின் பட்டறை ஒழுங்குமுறைச் சட்டம் சிறு பட்டறைகளை முழுமையாக உள்ளாட்சியிடம் ஒப்படைத்தது. பெரும்பாலான உள்ளாட்சிகள் அதனைத் தொடவே இல்லை. 1871இல் அப்பொறுப்பு தொழிற்சாலை ஆய்வாளர்களுக்கு மாற்றப்பட்டது. இத்தோல்வியைச் சோம்பல் என்று மட்டும் விளக்கிவிட முடியாது. ஆய்வாளரை நியமித்து ஊதியம் அளித்த மன்றங்களில் கடைக்காரர்களும் வீட்டு உரிமையாளர்களும் உறுப்பினராக இருந்தனர். இலண்டன் கிளார்க்கன்வெல் வட்டார மன்றத்தில் நெரிசல் குடியிருப்புகளை வாடகைக்கு விட்டவர்களே அமர்ந்திருந்ததை 1884–85 காலத்து வீட்டுவசதி அரச ஆணையம் வெளிப்படுத்தியது. தம் எசமானரின் சொத்தையே ஆய்வு செய்ய வேண்டிய நிலையில் ஓர் அலுவலரிடம் எவ்வளவு துணிவை எதிர்பார்க்க முடியும்? 1883இல் அமைந்த பொதுச் சுகாதார ஆய்வாளர் சங்கத்திற்கு எட்வின் சாட்விக் தலைமை ஏற்றார். பதவிப் பாதுகாப்பு ஆய்வாளர்களின் நீண்டகாலக் கவலையாக இருந்தது.

இந்நிலையை மாற்றியது கடும் உழைப்புச் சுரண்டல் குறித்த பிரபுக்கள் அவைக் குழுவின் விசாரணை (1888–90). இங்கும் இரக்கத்தோடு அச்சமும் கலந்திருந்தது. பெரியம்மையோ செங்காய்ச்சலோ கண்ட வீட்டில் தைத்த மேலாடை செல்வர் வீட்டுக்குச் செல்லும் என்ற எண்ணம் பலரைக் கலங்கச் செய்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் பட்டறைகளின் சுகாதாரத்தை உள்ளாட்சியிடம் மீளவும் அளித்தது. வீட்டிலிருந்து தைத்துத் தருவோரின் பெயர்ப்பட்டியலை வைத்திருக்கும் கடமையும் அப்போதே தோன்றியது. அத்தகைய நோய் கண்ட இடத்தில் உடை தைப்பதை 1895ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. தையற்காரியின் கூலி பற்றி இச்சட்டங்கள் எதுவும் செய்யவில்லை.

எனினும், கதவு ஒருமுறை திறந்தபின் உள்ளே சென்றவர் வேறு பலவற்றையும் கண்டார். 1893இல் கென்சிங்டன் வட்டார மன்றம் லூசி டீன், ரோஸ் ஸ்குவயர் என்னும் இரு பெண்களைச் சுகாதார ஆய்வாளராக நியமித்தது. பெண்கள் வேலை செய்த பட்டறைகளைப் பார்வையிடுவது அவர்தம் பணி. கழிப்பிட வசதி இல்லாமை போன்று, ஆண் ஆய்வாளரிடம் பெண்கள் சொல்லத் தயங்கியவை இவர்கள் வழியே பதிவேட்டில் ஏற முடிந்தது. டீன் 1894லும் ஸ்குவயர் 1896லும் தொழிற்சாலை ஆய்வாளராயினர். வட்டார மன்றப் பணி நடுவண் ஆய்வுத்துறைக்குப் பயிற்சிக்களமாக அமைந்தமை இவ்விரு பிரிவுகளையும் தனித்தனியே எழுதும் வரலாறுகளில் போதிய கவனம் பெறவில்லை.

கல்நார்

லூசி டீன் அடுத்துச் செய்த பணி இவ்வாதத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1898ஆம் ஆண்டுக்கான தொழிற்சாலை ஆய்வறிக்கையில் கல்நார்த் தூசியை உடல்நலத்துக்குக் கேடு விளைவிக்கும் தூசிகளுள் ஒன்றாக அவர் சுட்டினார். நுண்ணோக்கியில் அத்துகள்கள் கண்ணாடித் துண்டுபோல் கூர்மையாகத் தெரிந்ததையும் பதிவு செய்தார். இத்தூசி ரொட்டியில் கலக்கவில்லை. மேலாடையில் ஒட்டி வேறு வீடு செல்லும் என்று எவரும் அஞ்சவில்லை. 1906இல் மருத்துவர் மான்டேகு மர்ரி, தாம் கவனித்த ஒரு தொழிலாளியின் நுரையீரல் நோயை அரசுக் குழுவொன்றின்முன் விவரித்தார். தம்முடன் அதே அறையில் வேலை செய்த பத்துப் பேரும் இறந்துவிட்டதாக அந்நோயாளி அவரிடம் கூறியிருந்தார். அப்போதும் சட்டம் நகரவில்லை. 1930இல் மெரிவெதரும் பிரைசும் தாம் பரிசோதித்த 363 தொழிலாளருள் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் நுரையீரல் தழும்புநோய் கண்டனர். அதன்பின்னரே 1931ஆம் ஆண்டின் கல்நார்த் தொழில் விதிகள் வந்தன. டீன் எழுதியதற்கும் இதற்கும் இடையே 33 ஆண்டுகள்.

இரு அலுவலர், ஒரே தூசி

1956இல் சுகாதார ஆய்வாளர் ‘பொதுச் சுகாதார ஆய்வாளர்’ ஆனார். 1974ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சீரமைப்பையொட்டி இன்றைய பெயர் நிலைத்தது. பெயர்களைவிட அதிகாரங்களே முக்கியமானவை. கடைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிவோர்க்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று கவர்ஸ் குழு 1949இல் பரிந்துரைத்தது. அதற்கான சட்டம் 1963இல்தான் வந்தது. அதன் பெரும்பகுதியை உள்ளாட்சி ஆய்வாளரே செயற்படுத்தினார். வாங்குவோரின் அச்சம் சிறிதும் இன்றி, அலுவலக எழுத்தரின் குளிரையும் படிக்கட்டின் ஆபத்தையும் நேரடியாகப் பேசிய சட்டம் என்னும் வகையில் அதற்கு உரிய இடம் தரப்பட வேண்டும். ராபன்ஸ் குழுவைத் தொடர்ந்து வந்த 1974ஆம் ஆண்டுச் சட்டம் இருவகை ஆய்வாளர்க்கும் ஒரே கருவிகளைத் தந்தது: திருத்த அறிவிக்கை, தடை அறிவிக்கை. நீதிமன்றத்தின் ஆணைக்குக் காத்திராமல் ஆபத்தான வேலையை அங்கேயே நிறுத்தலாம். அதன் இரண்டாம் பிரிவு பணியாளர்பால் உள்ள கடமையையும், மூன்றாம் பிரிவு பணியாளர் அல்லாதார்பால் உள்ள கடமையையும் ஒரே முதலாளிமீது சுமத்துகிறது.

அவ்விரு கடமைகளும் பிரிந்திருந்த காலத்தின் விளைவு லீட்ஸ் நகரின் ஆர்ம்லி பகுதியில் தெரிந்தது. அங்கிருந்த கல்நார் ஆலை 1958இல் மூடப்பட்டது. அதுவரை அதன் தூசி சுற்றுத்தெருக்களில் படிந்தது. சரக்கேற்றும் மேடையருகே சிறுவர்கள் விளையாடினர். அவ்வாறு விளையாடியோருள் சிலர்க்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் தோன்றியது. அவர்கள் சார்பான வழக்கில், ஆலைச் சுவருக்கு வெளியே இருந்தோர்க்கும் நிறுவனம் கடமைப்பட்டிருந்தது என்று 1995இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது. 1936ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி, தொழிலிலிருந்து எழுந்து அக்கம்பக்கத்தார்க்குக் கேடு செய்யும் தூசி ஒரு தொல்லை. அதனை அகற்றச் செய்யும் அதிகாரம் உள்ளாட்சிக்கு இருந்தது. அத்தூசி என்ன செய்யும் என்ற அறிவோ 1898 முதல் தொழிற்சாலை ஆய்வுத்துறையின் அறிக்கைகளில் இருந்தது.