கனடாவில் முதல் பனிக்காலமா? காரையும் உங்களையும் இப்படித் தயார்படுத்துங்க!

ஊர்ல பத்து வருஷம் கார் ஓட்டியிருப்பீங்க. ஓ.எம்.ஆர் டிராஃபிக், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு எல்லாம் பார்த்தாச்சுனு தைரியமும் இருக்கும். ஆனா, படிக்கவோ வேலைக்கோ கனடா போய், டொரன்டோவிலோ மான்ட்ரியலிலோ முதல் பனியில ஸ்டீயரிங் பிடிக்கும்போது அந்த அனுபவம் பாதிதான் கைகொடுக்கும். மிச்சத்தை பனி விழறதுக்கு முன்னாடியே கத்துக்கிறதுதான் நல்லது. என்னென்ன செய்யணும்? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

டயர்தான் முதல் செலவு

வெயில் காலத்து டயரின் ரப்பர், குளிர்ல இறுகிடும். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போனாலே ஆல் சீசன் டயரின் பிடிமானமும் குறைய ஆரம்பிக்கும். வின்டர் டயரோட ரப்பர் அந்தக் குளிரிலும் மிருதுவாவே இருக்கும். அதனால, 'பனி விழட்டும், மாத்திக்கலாம்'னு காத்திருக்காதீங்க. முதல் பனி விழுந்த அன்னைக்கு டயர் கடையில வரிசை தெருவரைக்கும் நிக்கும்.

க்யூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனா, வின்டர் டயர் போட்டா இன்ஷூரன்ஸ் பிரீமியத்துல சலுகை உண்டு. உங்க கம்பெனிகிட்ட கேட்டு வாங்குங்க. டயரின் பக்கவாட்டில் மூணு முகடுள்ள மலையும், அதுக்குள்ள ஒரு பனித்துளிப் பூவும் போட்ட சின்னம் இருக்கானு பாருங்க. அதுதான் அடையாளம்.

காசு மிச்சம் பண்றோம்னு ரெண்டு டயர் மட்டும் மாத்துறது ஆபத்து. முன்னாடி பிடிக்கும், பின்னாடி வழுக்கும், வளைவுல கார் சுத்திடும். நாலும் ஒரே மாதிரி இருக்கணும். செகண்ட் ஹேண்ட் டயர் வாங்கினா பள்ளத்தின் ஆழத்தை அளந்து பாருங்க. 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தேஞ்சிருந்தா பனியில உதவாது. குளிர்ல காற்றழுத்தமும் குறையும். சுமார் 5 டிகிரி இறங்கினா 1 பிஎஸ்ஐ போகும். மாசம் ஒரு தடவையாவது செக் பண்ணுங்க.

பானெட்டைத் திறங்க

* பேட்டரி: கடுங்குளிரில் பேட்டரியின் சக்தி குறையும்; அதே நேரம் இன்ஜினை ஸ்டார்ட் பண்ண அதிக சக்தி தேவைப்படும். பழைய பேட்டரி காலை வாரிவிடுறது இதனாலதான். குளிர் தொடங்கும் முன்னாடியே டெஸ்ட் பண்ணிடுங்க.
* வாஷர்: ஊர்ல தண்ணி ஊத்துற பழக்கம் இங்கே ஆகாது, உறைஞ்சுபோகும். மைனஸ் 40 வரை தாங்கும்னு போட்ட திரவத்தை நிரப்புங்க. ரோட்ல தூவின உப்பும் சேறும் கண்ணாடியில தெறிச்சுக்கிட்டே இருக்கும். இது தீர்ந்தா முன்னாடி எதுவும் தெரியாது.
* கூலன்ட்: ரேடியேட்டர்லயும் வெறும் தண்ணி கூடாது. ஆன்டிஃப்ரீஸ் கலவை சரியா இருக்கானு மெக்கானிக்கிட்ட பார்க்கச் சொல்லுங்க.
* பெட்ரோல்: டேங்க் எப்பவும் பாதிக்கு மேல இருக்கட்டும். வழியில சிக்கினா ஹீட்டர் ஓடணுமே!

வின்னிபெக், எட்மன்டன் பக்கம் போறீங்களா? அங்கே நிறைய கார்களின் முன்பக்கம் ஒரு பிளக் தொங்கும். இன்ஜினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் அது. கடுங்குளிர் ராத்திரிகள்ல கரன்ட்ல மாட்டி வெச்சாதான் காலையில வண்டி சிரமமில்லாம ஸ்டார்ட் ஆகும்.

டிக்கியில் என்ன இருக்கணும்?

பிரஷ் வெச்ச ஐஸ் ஸ்கிரேப்பர், சின்ன மண்வாரி, ஜம்பர் கேபிள், டார்ச், போர்வை, கூடுதல் கையுறை, தண்ணி, பிஸ்கட், போன் சார்ஜர். கூடவே ஒரு பை மணல். சக்கரம் சிக்கினா அடியில தூவப் பயன்படும்.

கிளம்பும் முன் 10 நிமிஷம்

கண்ணாடியில பார்க்க மட்டும் ஓர் ஓட்டை சுரண்டிட்டுக் கிளம்பாதீங்க. எல்லாக் கண்ணாடி, லைட், நம்பர் பிளேட், முக்கியமா கூரை, எல்லாத்துலயும் பனியைத் தள்ளிடணும். பிரேக் போட்டா கூரையில இருக்கிற பனி முன்கண்ணாடியில சரியும். வேகமா போனா பின்னாடி வர்றவர் மேல பறக்கும். கண்ணாடியில சுடுதண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க, விரிசல் விட்டுடும்.

குழந்தை இருந்தா, தடிமனான பனி ஜாக்கெட்டோட கார் சீட்ல உட்கார வைக்காதீங்க. பெல்ட் இறுக்கமா இருக்கிற மாதிரி தெரியும். மோதும்போது ஜாக்கெட் அமுங்கி, பெல்ட் தளர்ந்துடும். பெல்ட்டை மாட்டிட்டு மேல போர்வை போத்துங்க.

ரோட்டுல இறங்கியாச்சு

முன்னாடி போற வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கமா 3 விநாடி இடைவெளி விடுவீங்கன்னா, பனியில அதை ரெண்டு, மூணு மடங்காக்குங்க. ஆக்ஸிலரேட்டர், பிரேக், ஸ்டீயரிங் எல்லாத்துலயும் மென்மைதான் மந்திரம். க்ரூஸ் கன்ட்ரோலுக்கு லீவ் விடுங்க.

ரோடு ஈரமா மட்டும்தான் தெரியுதா? உஷார். அது கண்ணுக்குத் தெரியாத 'பிளாக் ஐஸ்' ஆகவும் இருக்கலாம். பாலங்களின் மேலயும் கீழயும் குளிர்காத்து அடிக்கிறதால, அங்கேதான் முதல்ல உறையும்.

வழுக்கிடுச்சுன்னா ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுங்க. பதறி பிரேக்கை அழுத்தாதீங்க. எங்கே போகணுமோ அங்கே பார்த்து, அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கை மெதுவா திருப்புங்க. மரத்தைப் பார்த்தா கை மரத்துக்கேதான் திருப்பும். அவசரமா நிறுத்தணும்னா, ஏபிஎஸ் உள்ள கார்ல பிரேக்கை அழுத்திப் பிடிங்க. பெடல் படபடன்னு அதிரும். பயந்து காலை எடுக்காதீங்க, அது வேலை செய்யுதுனு அர்த்தம்.

ஒன்டாரியோவில் நீல விளக்கு மின்ன வர்ற வண்டி போலீஸ் இல்லை, பனி அள்ளும் வண்டி. ஓவர்டேக் பண்ணாம பின்னாடியே போங்க. அது சுத்தம் பண்ணின ரோடுதான் இருக்கிறதிலேயே நல்ல ரோடு.

இதையெல்லாம் ஹைவேல கத்துக்க வேண்டாம். முதல் பனி விழுந்ததும் அனுமதி உள்ள காலியான பார்க்கிங் லாட்டுக்கு, அனுபவமுள்ள ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய் பிரேக் பழகுங்க.

பனியில் சிக்கிட்டா...

சக்கரத்தை வேகமா சுழல விடாதீங்க. பனி உருகி ஐஸாகி இன்னும் மோசமாகும். நடுவழியில புயல்ல மாட்டினா காரை விட்டு நடக்காதீங்க. உதவிக்கு அழைச்சிட்டு உள்ளேயே இருங்க.

இங்கேதான் உயிர் போற விஷயம் ஒண்ணு இருக்கு. பின்னாடி இருக்கிற சைலன்ஸர் குழாயைப் பனி மூடியிருந்தா, இன்ஜின் ஓடும்போது கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். நிறமில்லை, வாசனையில்லை. தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும், எழுந்திருக்க முடியாது. அதனால முதல்ல இறங்கி குழாயைச் சுத்திப் பனியை அள்ளுங்க. அதுக்கப்புறம் மணிக்கு 10 நிமிஷம் மட்டும் இன்ஜினை ஓட்டுங்க. காத்து அடிக்காத பக்கம் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைங்க. வீட்டு கராஜிலும் கதவை மூடிட்டு காரைச் சூடாக்கக் கூடாது.

கடைசியா ஒண்ணு... கிளம்பும் முன் 511 சேவையில ரோட்டு நிலவரம் பாருங்க. 'அவசியம்னா மட்டும் வெளியே வாங்க'னு எச்சரிக்கை இருந்தா, மேனேஜருக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டு வீட்லயே இருங்க. புயல் நாள்ல யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க. ஊர்ல போன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கிற அம்மாவும் நிம்மதியா தூங்குவாங்க!