சென்னை ஓபன் மகளிர் டென்னிஸ்

சென்னை ஓபன், மகளிர் டென்னிஸ் சங்கத்தின் (டபிள்யூ.டி.ஏ.) ஆண்டுச் சுற்றில் 250 பிரிவைச் சேர்ந்த தொழில்முறைப் போட்டி. நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கின் கடினத் தரையில் 2022 செப்டம்பரில் முதன்முறையாக நடந்தது. 2023, 2024 ஆண்டுகளில் நடைபெறவில்லை. 2025 அக்டோபர் இறுதியில் தொடங்கி நவம்பர் 2 அன்று முடிந்தது அதன் அடுத்த பதிப்பு. இந்திய மண்ணில் மகளிர் டென்னிஸ் வளர்ந்த கதையை இந்த இடைவெளியே விளக்குகிறது. ஒரு போட்டியைக் கொண்டுவருவதைவிட ஆண்டுதோறும் அதை நிலைநிறுத்துவதுதான் வீராங்கனைகளை உருவாக்குகிறது.

1970-இல் பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது வீராங்கனைகள் பரிசுத்தொகைப் பாகுபாட்டை எதிர்த்து, தலைக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் ஹூஸ்டனில் தனிச் சுற்றைத் தொடங்கினார்கள். 1973-இல் மகளிர் டென்னிஸ் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்தின் சுற்று இந்தியாவுக்கு வந்தபோது தொடர்ச்சியின் பயன் ஐதராபாத்தில் தெளிவாகத் தெரிந்தது. சானியா மிர்சா 2003-இல் சிறப்பு நுழைவு அனுமதி (வைல்டு கார்டு) பெற்று அங்கே முதன்முறையாகக் களமிறங்கித் தோற்றார். 2004-இல் லீசல் ஹ்யூபருடன் இரட்டையர் பட்டம் வென்றார். 2005-இல் ஒற்றையர் பட்டத்தையே கைப்பற்றி, டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். ஒரே ஊரில் அடுத்தடுத்து மூன்று வாய்ப்புகள் கிடைத்ததன் விளைவு இது. ஆனால் ஐதராபாத் போட்டியைப் போலவே கொல்கத்தா, பெங்களூரு போட்டிகளும் பின்னர் நின்றுபோயின. 2008-க்குப் பிறகு 2022 வரை இந்தியாவில் டபிள்யூ.டி.ஏ. சுற்று நிலையில் மகளிர் போட்டியே இல்லை. புனேயிலும் மும்பையிலும் அதற்குக் கீழான 125 நிலைப் போட்டிகளே நடந்தன.

1997 முதல் 2017 வரை இதே நுங்கம்பாக்கத்தில் ஆடவர் சென்னை ஓபன் இடைவிடாமல் நடந்தது. மகளிருக்கு அந்தத் தொடர்ச்சி வாய்க்கவில்லை. 2022-இல் 17 வயது செக் வீராங்கனை லிண்டா ஃப்ருவிர்தோவா, மக்தா லினெட்டை மூன்று செட்களில் வீழ்த்திப் பட்டம் வென்றார். இந்தியாவின் கர்மன் கௌர் தண்டி முதல் சுற்றில் பிரான்ஸின் க்ளோயி பாக்கேயை வென்றார். 2025-இல் இந்தோனேசியாவின் ஜானிஸ் டிஜென், கிம்பர்லி பிரெல்லை வென்று பட்டம் சூடினார்.

பட்டங்கள் அயல்நாட்டினருக்குத்தானே போகின்றன, நமக்கென்ன பயன் என்று கேட்கலாம். ஆனால் இந்திய வீராங்கனைகளுக்கு உயர்ந்த நிலையில் ஆடவும் தரவரிசைப் புள்ளி சேர்க்கவும் வழி திறப்பது பெரும்பாலும் போட்டியை நடத்தும் நாட்டுக்குக் கிடைக்கும் வைல்டு கார்டுகள்தாம். கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன், உள்நாட்டில் இத்தகைய போட்டி இல்லாமலே 1998 ஆஸ்திரேலிய ஓபனில் பிரதான சுற்று ஆட்டம் வென்றாரே என்றும் கேட்கலாம். அந்தச் சாதனை தனிமனித உறுதியால் விளைந்தது. அடுத்து ஓர் இந்தியப் பெண் அதைச் செய்ய 2005 வரை காத்திருக்க நேர்ந்தது. விதிவிலக்கை வழியாகக் கொள்ள முடியாது. சேதராப்பட்டு, பாகூர் போன்ற புதுவை ஊர்ப்புறச் சிறுமிக்கு நுங்கம்பாக்கத்தால் என்ன கிடைக்கும் என்பது மிகவும் நியாயமான கேள்வி. போட்டி மட்டும் போதாது. பள்ளியில் ஆடுகளமும் பயிற்சியாளரும் முதலில் வேண்டும். ஆயினும் அவள் எட்டத்தக்க தொலைவில் ஒரு உச்சப் போட்டி ஆண்டுதோறும் நடந்தால்தான் அந்த முதல் முயற்சிக்கு ஒரு இலக்கு இருக்கும். ஆகவே சென்னை ஓபன் இனி ஒரு ஆண்டுகூடத் தவறாமல் நடக்க வேண்டும். அதற்கான நிதியை அரசும் உள்ளூர் டென்னிஸ் சங்கமும் பல ஆண்டுத் திட்டமாக உறுதிசெய்ய வேண்டும்.