வந்தேறி மீனும் தீர்த்தன் ஆறும்

மாற்றல் உத்தரவு எங்கே தூக்கிப் போடும் என்று வங்கிக்காரனுக்குத் தெரியாது. என்னைச் சில வருடம் இமாச்சலத்தின் குல்லு மாவட்டத்தில் போட்டது. கடலோர ஊர்க்காரனான எனக்கு மீன்பிடி என்றால் வலை, கட்டுமரம், கரையில் ஏலம். தீர்த்தன் ஆற்றில் பார்த்தது வேறு. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தூண்டில் கயிற்றைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசுகிறார்கள். கொக்கியில் புழு கிடையாது. இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சிதான். அதற்கு எடையே இல்லை என்பதால் கயிற்றின் கனத்தை வைத்துத்தான் வீச வேண்டும். நிஜப் பூச்சி என்று நினைத்துக் கவ்வுகிற மீன், ட்ரவுட்.

இந்த மீன் இமயமலைக்குச் சொந்தமில்லை. வெள்ளைக்காரத் துரைமாருக்குப் பொழுதுபோக வேண்டுமே, அதற்காகக் கப்பலேறி வந்தது. 1863-ல் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் நம் நீலகிரிக்கு ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். 1899-ல் காஷ்மீருக்கு அனுப்பிய முட்டைகள் வீணாயின. அடுத்த வருடம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவை பிழைத்தன. அவற்றை வளர்த்தவர் ஸ்ரீநகரில் கம்பளத் தொழிற்சாலை நடத்திய ஃபிராங்க் மிட்செல். 1909-ல் குல்லுவில் அதிகாரியாக இருந்த ஹோவெல், காஷ்மீரிலிருந்து முட்டை வரவழைத்து, கட்ராயின் அருகே மகிலியில் பொரிப்பகம் அமைத்தார். 1947 வெள்ளம் அந்தப் பொரிப்பகத்தை அடித்துக்கொண்டு போனது. ஆனால் ஆற்றில் விட்ட மீன்கள் அதற்குள் வேரூன்றிவிட்டன.

அங்கே வருடமே மீனை ஒட்டித்தான் போகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி கடைசி வரை பிடிக்கத் தடை. ப்ரவுன் ட்ரவுட் கூழாங்கல்லில் குழி பறித்து முட்டையிடும் காலம் அது. மார்ச்சில் உரிமச் சீட்டு வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். வெயில் ஏற ஏற ஆற்றின் மேல் பூச்சிகள் பறக்கும், மீன் மேலே வரும். பிறகு பனி உருகி ஆறு கலங்கும். ஜூலை, ஆகஸ்டில் மழை. அப்போது தூண்டிலைப் பரணில் போட வேண்டியதுதான். செப்டம்பர், அக்டோபரில் தண்ணீர் மறுபடி தெளியும்.

சரி, இதில் வங்கிக்காரனுக்கு என்ன வேலை? 1990-ஐ ஒட்டி நார்வேயின் உதவியோடு பட்லிகுல் பண்ணையில் ரெயின்போ ட்ரவுட் வளர்ப்பு சூடு பிடித்தது. பிறகு விவசாயிகளும் சிமெண்ட் தொட்டி கட்டி வளர்க்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய கடன் மனு வந்தால் நாங்கள் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சில மணி நேரம் நின்றாலும் மொத்தத் தொட்டியும் செத்து மிதக்கும். காகிதத்தில் ஈடு என்று எதை எழுதினாலும், நிஜமான ஈடு ஆறுதான்.

அந்த ஆற்றுக்கே ஆபத்து வந்தது. 2000-களின் முற்பகுதியில் தீர்த்தனில் வரிசையாகச் சிறு நீர்மின் திட்டங்கள் வருவதாக இருந்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். முன்னாள் எம்.எல்.ஏ. திலே ராம் ஷபாப் முன்நின்று நீதிமன்றம் வரை போனார். வயலுக்குப் பாசனம், மாவரைக்கும் நீராலைகள், இவற்றோடு அவர்கள் சொன்ன முக்கியமான காரணம் ட்ரவுட். கடைசியில் திட்டங்கள் கைவிடப்பட்டன. தீர்த்தன் போய்ச் சேரும் லார்ஜியில் பியாஸ் நதிக்கு அணை உண்டு. தீர்த்தன் மட்டும் தடையில்லாமல் ஓடி வருகிறது.

கணக்கில் பற்றுப் பக்கமும் உண்டு. ட்ரவுட் மற்ற மீனைத் தின்னும். அங்கேயே பிறந்து வளர்ந்த 'ஸ்னோ ட்ரவுட்', பெயர்தான் ட்ரவுட், உண்மையில் கெண்டை வகை. அதன் இரையையும் இடத்தையும் இந்த வந்தேறி பங்கு போட்டுக்கொண்டது. அதையும் சொல்லாமல் புகழ்வது சரியில்லை.

ஆனாலும், துரைமாரின் விளையாட்டுக்கு வந்த மீனைக் காட்டித்தான் நூறு வருடம் கழித்து அந்த ஊர் மக்கள் தங்கள் ஆற்றைக் காப்பாற்றிக்கொண்டார்கள். பிழைப்புக்கு வெளியூர் வந்து இங்கேயே தங்கிவிட்ட நமக்கு இந்தக் கதை கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும் என்று நினைக்கிறேன். குலு, மணாலி போகிறவர்கள் ஒரு நாள் ஒதுக்கிக் குழந்தைகளுக்குத் தீர்த்தனைக் காட்டுங்கள்.