தோட்ட வாரியம் போன தூரம்

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் நமக்குத் தேர்தல்தான் ஞாபகம் வரும். காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊரின் சபை, முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒன்றை எடுத்துக் கொடுப்பான். வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்கி, ஊரறிய வாசிப்பார். இப்படித் தேர்ந்தவர்களில் ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கோ 12 பேர்!

பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களும் அடுத்த குலுக்கலுக்கு வர முடியாது. ஆனால் வரி கட்டும் நிலமும் வேதப் பயிற்சியும் இல்லாதவரின் பெயர் குடத்துக்குள் போகவே வழியில்லை. பொதுத் தோட்டத்துக்கான ஒழுங்கு அன்றே பிறந்துவிட்டது. நிலமில்லாதவர் கைக்கு அது வர இன்னும் பல நூற்றாண்டுகள் ஆகின.

அந்தக் கதையில் ஒரு திருப்பம் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தற்செயலாக நடந்தது. 1864-இல் ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைவர் ஒரு சங்கம் தொடங்கி, மறைந்துபோன மருத்துவர் ஷ்ரேபரின் பெயரை அதற்கு வைத்தார். குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைப்பதுதான் நோக்கம். திடலின் ஓரத்தில் கெஸல் என்ற ஆசிரியர் பிள்ளைகளுக்காகப் பாத்திகள் போட்டார். பிள்ளைகளுக்கு நாலே நாளில் சலித்துவிட்டது, களை மண்டியது. பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். பாத்திக்கு வேலி வந்தது, வேலிக்குள் குடிசை வந்தது, பிறகு சட்டதிட்டமும் வந்தது. அவற்றைப் பார்க்காமலே மறைந்த ஷ்ரேபரின் பெயரில்தான் ஜெர்மானியர் இன்றும் அத்தகைய தோட்டங்களை அழைக்கிறார்கள்.

அடுத்த திருப்பத்தைப் பசி கொண்டுவந்தது. 1893-இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்து, டெட்ராய்ட் தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். மேயர் ஹேசன் பிங்ரி, செருப்புத் தொழிற்சாலை நடத்தியவர். விலை ஏறட்டும் என்று மனைக்காரர்கள் சும்மா போட்டிருந்த நிலத்தைக் கேட்டு வாங்கி, வேலையற்ற குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். பணம் திரட்டத் தன் குதிரையையே ஏலம் விட்டார். பத்திரிகைகள் 'உருளைக்கிழங்கு மேயர்' என்று கேலி செய்தன. தென் அமெரிக்க மலைகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கிழங்கு, போலந்து, ஜெர்மானியக் குடியேறிகளின் கையால் மறுபடி அமெரிக்க மண்ணில் விளைந்தது. விளைச்சலைப் பார்த்ததும் கேலி அடங்கியது. நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா என்று நகரம் நகரமாகக் காப்பியடித்தன.

இரண்டாம் உலகப் போரில் லண்டன் கோட்டையின் அகழியில்கூடக் காய்கறி பயிரிட்டார்கள். அமெரிக்காவில் ஏறக்குறைய 2 கோடி 'வெற்றித் தோட்டங்கள்' இருந்ததாகக் கணக்கு. போர் முடிந்தது, பெரும்பாலான தோட்டங்களும் அதோடு முடிந்தன. இந்தத் தோட்டங்களின் ஜாதகமே அப்படித்தான்: கஷ்டகாலத்தில் நிலம் இரவலாக வரும், நல்லகாலத்தில் உடையவர் திருப்பிக் கேட்பார்.

நியூயார்க்கில் அது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 1973-இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் நண்பர்களும் இடிபாடு நிறைந்த ஒரு மனையைச் சுத்தம் செய்து செடி வைத்தார்கள். வேலிக்குப் பின்னால் பூட்டிக் கிடந்த மனைகளுக்குள் விதையுருண்டைகளை வீசினார்கள். மாநகராட்சி மறு வருஷமே அந்த மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்குக் கொடுத்தது. தோட்டங்கள் பெருகின, தெருக்கள் அழகாயின, மனை விலை ஏறியது. 1999-இல் அதே மாநகராட்சி நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தது! பாடகி பெட் மிட்லரின் அமைப்பும் இன்னொரு அறக்கட்டளையும் பணம் கொடுத்து அவற்றை மீட்டன.

சிங்கப்பூர் 2005-இல் வேறு வழியில் போனது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குழு சேர்த்துத் தோட்டம் போடும் திட்டத்தை அங்கே தேசியப் பூங்காக் கழகமே தொடங்கியது. தமிழக அரசு 2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் தேங்காய் நார்க்கழிவு, விதை, உரம் எல்லாம் சேர்த்து மாடித்தோட்டத் தொகுப்பை மானியத்தில் கொடுத்தது. நல்ல யோசனைதான். ஆனால் மாடி வேண்டுமே! காஞ்சிபுரத்தில் வாடகை வீட்டுக் கூடத்தைத் தறியே அடைத்துக்கொண்டிருக்கும் நெசவாளிக்கு மொட்டைமாடியும் சொந்தமில்லை, கொல்லையும் இல்லை. தறிக்குழியில் ஈரம் ஏறிவிடுமே என்று மழைக்காலத்தில் பயப்படுகிறவர், வீட்டுக்குள் தொட்டி வைத்துத் தண்ணீர் ஊற்றுவாரா?

அவருக்குத் தேவை பொது இடம். அது இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால், அதில் சாலை நீங்கலாக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும். ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்பார்கள். அதில் சீமைக்கருவேலம் முளைத்து, குப்பை சேர்ந்து, நாளடைவில் யாரோ கொட்டகை போட்டுவிடுவதும் உண்டு.

ஆகவே, தெருவில் தோட்டம் போட ஆசைப்படுகிற பத்துக் குடும்பங்கள் மண்வெட்டி வாங்குவதற்கு முன் மாநகராட்சி நகரமைப்புப் பிரிவுக்குப் போய், அந்த இடத்தின் சர்வே எண்ணைக் கேட்கட்டும். பயன்படுத்த எழுத்து மூலம் அனுமதி வாங்கட்டும். தண்ணீர் முறையும் வரவுசெலவு நோட்டும் யார் பொறுப்பு என்று முடிவு செய்துவிட்டு, அதற்கப்புறம் கத்தரி நாற்றுக்குப் போகலாம்.