அரசுக் கொள்முதல், ஒப்பந்த மேலாண்மைப் பயிற்சி (இந்தியா)

அரசுக்குத் தேவையான பொருள்களையும் பணிகளையும் சேவைகளையும் முறைப்படி வாங்கவும், ஒப்பந்தம் நிறைவேறும்வரை கண்காணிக்கவும் அரசு ஊழியர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சி. செலவாவது மக்களின் வரிப்பணம். ஆகவே இது நேர்மையும் திறமையும் ஒருங்கே வேண்டும் பணி.

சட்ட அடிப்படை: மத்திய அரசு ஊழியர்களுக்குப் பொது நிதி விதிகள், 2017 முதன்மைப் பாடம். 2016இல் தொடங்கிய ஜெம் (GeM) என்னும் அரசுக் கொள்முதல் இணையச் சந்தையைப் பயன்படுத்தவும் அவர்கள் கற்கின்றனர். தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, அதன் கீழ் அமைந்த 2000ஆம் ஆண்டு விதிகள் ஆகியவை அடிப்படை.

பயிற்சி நிலையங்கள்: ஃபரிதாபாத்தில் 1993இல் நிறுவப்பட்ட தேசிய நிதி மேலாண்மை நிறுவனம் கொள்முதல் பயிற்சிகளை நடத்துகிறது. அது இப்போது அருண் ஜேட்லி பெயரைத் தாங்கியுள்ளது.

பாடப்பொருள்: தேவையை மதிப்பிடுதல், தரக்குறிப்பு எழுதுதல், ஒப்பந்தப்புள்ளி கோருதல், தொழில்நுட்ப உறையையும் விலை உறையையும் தனித்தனியே ஆராய்தல், முன்வைப்புத் தொகை பெறுதல் ஆகியவை கொள்முதல் பகுதியில் அடங்கும். தரக்குறிப்பை ஒரே நிறுவனத்துக்குப் பொருந்துமாறு எழுதினால் போட்டி அற்றுப்போகும். எனவே அதற்குத் தனிக் கவனம் தேவை. பணி ஆணை வழங்கியதோடு வேலை முடிவதில்லை. தரச் சோதனை, அளவீட்டுப் பதிவு, பட்டியல் தொகை வழங்கல், காலநீட்டிப்பு, தாமதத்துக்கான இழப்பீடு, நடுவர் வழித் தீர்வு ஆகியவை ஒப்பந்த மேலாண்மையில் இடம்பெறும்.

பயன்: முடிவுக்கான காரணத்தைக் கோப்பில் தெளிவாகப் பதியும் பழக்கம் தணிக்கையை எளிதாக்கும், நேர்மையான ஊழியருக்கும் அதுவே அரண்.